மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

"கதவு பாதி மூடி நின்னுட்டா என்ன பண்ணணும்?" என்று விளக்கம் சார் மறுபடியும் கணினியில் தட்டிக் கேட்டார்.

"கதவை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முடியாவிட்டால் ஒரு நல்ல மெக்கானிக்கை அணுகுங்கள்," என்று திரையில் பதில் வந்தது.

விளக்கம் சார் தலையில் அடித்துக்கொண்டார். ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கப் போவதே மெக்கானிக்குகள்தான். அவர் வேலை பார்த்தது லிஃப்ட் செய்து, மாட்டி, பழுதும் பார்க்கும் கம்பெனி. பாதியில் நின்ற கதவைப் பற்றி மட்டுமே அவர்களிடம் ஓர் அலமாரி நிறையக் கையேடுகள் இருந்தன. அத்தனையையும் ஸ்கேன் செய்து, அவற்றுக்குள் தேடுவதற்கு ஒரு கருவியும் போட்டிருந்தார்கள். ஆவணத் தேடல் என்று பெயர். பதில் சொல்லும் ஏஐ உதவியாளர் அந்தக் கருவியைத் திறந்து, தேடி, கையேட்டில் இருப்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதுவோ கருவியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், தனக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தது.

அந்த ஏஐக்கு அலுவலகத்தில் மாப்பிள்ளை என்று பெயர். வந்த புதிதில் அதற்கு நடந்த உபசாரத்தைப் பார்த்துக் காசாளர் அம்மா வைத்த பெயர். பொருத்தமாகவும் இருந்தது. எதையும் பக்குவமாகச் சொல்ல வேண்டும், சொன்னதற்கு மேல் ஒன்றைச் செய்துவிட்டு நிற்பார், கோபித்துக்கொள்ளவும் முடியாது.

மாப்பிள்ளையிடம் மூன்று கருவிகள் இருந்தன. கணக்குப் போட ஒன்று, ஊழியர்களுக்குச் செய்தி அனுப்ப ஒன்று, இந்த ஆவணத் தேடல் ஒன்று. எது எதற்கு, எப்போது எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் தலையிலும் சில வரிகள் எழுதியிருக்கும். அந்த வரிகளைப் படித்துத்தான் மாப்பிள்ளை எதை எடுப்பது என்று முடிவு செய்வார். ஆவணத் தேடலுக்கு அந்த வரிகளை, அதாவது விளக்கத்தை, எழுதுவது விளக்கம் சாரின் வேலை; பெயரும் அதனால்தான் வந்தது. அதற்கு முன்பு அவர் லிஃப்டுக்குள் ஒட்டும் 'கதவில் சாயாதீர்கள்' போன்ற அறிவிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். அங்கே மனிதர்கள் யாரும் படிக்கவில்லை. இங்கே மாப்பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். எது மேல் என்று அவரால் இன்னும் சொல்ல முடியவில்லை.

இன்றைக்கு மதிப்பீடு. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வருகிறார். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க அல்ல. கருவியைப் பற்றி எழுதியிருப்பது மாப்பிள்ளைக்குப் புரிகிறதா என்பதைப் பார்க்க. தேறாவிட்டால் விளக்கப் பிரிவை மூடிவிடுவார்கள். விளக்கப் பிரிவு என்றால் விளக்கம் சார் ஒருவர்தான். அவரை வெளியூரில் இருக்கும் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். மனைவிக்கு வேலை இந்த ஊரில், மகளுக்குப் பள்ளிக்கூடம் இந்த ஊரில். இவர் மட்டும் வாரம் முழுக்க நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வந்து போக வேண்டும்.

மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ரெடியா?"

"கிட்டத்தட்ட சார்."

"கிட்டத்தட்டன்னா?"

"மாப்பிள்ளை தேடல் பக்கம் போகவே மாட்டேங்கிறார். நான் எழுதினது ஒரு வரிதான், 'நிறுவன ஆவணங்களைத் தேட உதவும்'னு. கொஞ்சம் அழுத்திச் சொல்லணும்போல."

"அழுத்திச் சொல்லுங்க. நல்லா அழுத்தி. உங்களை நம்பி நான் மேலிடத்துல வாயை விட்டிருக்கேன்."

விளக்கம் சார் அழுத்தினார். 'எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் இந்தக் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்' என்று எழுதிச் சேமித்தார். சேமித்தால் அந்த நொடியே அலுவலகம் முழுவதும் அமலுக்கு வந்துவிடும். ஒத்திகை பார்க்கத் தனி இடம் வேண்டும் என்று அவர் பலமுறை கேட்டிருக்கிறார். "நாடகமா போடறோம், ஒத்திகை எதுக்கு?" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

கதவுக் கேள்வியை மறுபடி கேட்டார். மாப்பிள்ளை பாய்ந்து போய்த் தேடலைத் திறந்து, கையேட்டில் இருந்ததை வரிக்கு வரி சொன்னார். விளக்கம் சார் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். அது பாதியில் நின்றது.

"சார்!" காசாளர் அம்மா வாசலில் நின்றார். "தினமும் காலையில மாப்பிள்ளைக்கு ஒரு வணக்கம் போடுவேன். அவரும் பதிலுக்கு வணக்கம் சொல்வார். இன்னைக்கு என்ன பண்ணினார் தெரியுமா? 'வணக்கம்'னு ஆரம்பிக்கிற புகார்க் கடிதத்தை எல்லாம் எடுத்துக் கொட்டியிருக்கார். 'வணக்கம், உங்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்ட என் மாமியார்'னு ஒண்ணு. படிச்சுட்டு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"சோகமா இருந்துச்சா?"

"அந்த மருமக மாமியாரை வெளியே எடுத்துட்டீங்களேன்னு புகார் பண்ணியிருக்கா சார்."

விளக்கம் சார் சிரிக்கும் நிலையில் இல்லை. அதற்குள் தொலைபேசி அடித்தது. மேலாளர். மூச்சு வாங்கியது.

"யோவ், கூட்டம் எங்கேன்னு மாப்பிள்ளையைக் கேட்டேன். மொட்டை மாடின்னார். நானும் மூணு பேரைக் கூட்டிட்டு வெயில்ல வந்து நிக்கிறேன். இங்க ஒரு ஈ காக்கா கிடையாது."

விளக்கம் சார் தேடிப் பார்த்தார். எப்போதோ நடந்த தீயணைப்புப் பயிற்சிக்கான சுற்றறிக்கை. கூட்டம், மொட்டை மாடி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆண்டு மட்டும் பழையது.

"கீழே வாங்க சார். கூட்டம் கீழேதான்."

"மேலேயா கீழேயான்னு அவரைக் கேட்டா இனிமே அவர் வாயைத் திறக்கக் கூடாது. புரியுதா? அந்த மாதிரி எழுதிடுங்க!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. விளக்கம் சார் அவசர அவசரமாகத் தடைகளை எழுத ஆரம்பித்தார். வணக்கத்துக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது. கூட்ட நேரத்துக்குக் கூடாது. நலம் விசாரிப்பதற்குக் கூடாது. மேலேயா கீழேயா என்ற கேள்விகளுக்குக் கூடவே கூடாது. எழுத எழுத இன்னும் என்னென்ன நடக்கக்கூடும் என்று பயம் வந்தது; வந்த பயத்தை எல்லாம் ஒவ்வொரு 'கூடாது' ஆகச் சேர்த்தார். மகளுக்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் புத்தி சொன்னார். அந்தக் குழந்தை அன்று முழுவதும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

சேமித்த சற்று நேரத்தில் மாடிப்படிப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. விளக்கம் சார் ஓடிப் போய்ப் பார்த்தார். லிஃப்டின் முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டும் கம்பெனியில் சொந்த லிஃப்ட் அரதப்பழசு. அது இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது.

"உள்ளே யாரு?"

"தலைமை அலுவலகத்து அம்மா," என்றார் மேலாளர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

உள்ளேயிருந்து அமைதியான குரல் வந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன். அவசரம் ஒண்ணும் இல்ல. நீங்க எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறீங்கன்னு பார்க்கத்தானே வந்திருக்கேன்."

இதைவிட அந்த அம்மா திட்டியிருக்கலாம் என்று விளக்கம் சாருக்குத் தோன்றியது.

மெக்கானிக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அவருக்குப் புது மாடல்கள் தலைகீழ்ப் பாடம். இந்தக் கிழட்டு மாடலை யாரும் திறந்தே பார்த்ததில்லை.

"மாப்பிள்ளையைக் கேளுப்பா!" என்றார் மேலாளர்.

"கேட்டேன் சார். 'மேலே, கீழே தொடர்பான கேள்விகளுக்குப் பதில் தேடக் கூடாது என்று எனக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது'ங்கிறார்." மெக்கானிக் விளக்கம் சாரை முறைத்தார். "ஏன் சார், லிஃப்ட் கம்பெனியில மேலே கீழேயைப் பத்திப் பேசாம வேற எதைப் பத்திப் பேசறது?"

விளக்கம் சார் திரும்பி ஓடினார். ஓடும்போதே செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது, இனி சாண் என்ன முழம் என்ன என்று எழுதியிருந்த அத்தனையையும் அழித்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, மேலாளருக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் எழுதாமல், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சொல்லுவதுபோல எழுதினார்.

இந்தக் கருவிக்குள் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை. எந்த மாதிரிக் கேள்விக்கு இதைத் திறக்க வேண்டும், எதற்குத் தேவையில்லை. மெக்கானிக் 'கதவு சண்டித்தனம் பண்ணுது' என்று கேட்டால் கையேட்டில் அது 'கதவு இயக்கக் கோளாறு' என்று இருக்கும், அப்படித் தேடு. மாடல் எண் தெரியாவிட்டால் கட்டடத்தின் வயதைக் கேள். தேதியைப் பார், பழைய சுற்றறிக்கையை இன்றைக்கு நடப்பது என்று சொல்லிவிடாதே. கம்பெனி லிஃப்டைப் பற்றிச் சொந்தமாக எதையும் சொல்லிவிடாதே, ஆள் உயிர் விஷயம். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம். எழுதி முடித்துச் சேமித்தபோது மூன்று பக்கம் வந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி ஓடி வருவதற்குள் மெக்கானிக் மறுபடி கேட்டிருந்தார்; கைப்பேசி மணியடித்தது.

"வந்துடுச்சு சார்!" என்று மெக்கானிக் உரக்கப் படித்தார். "மெயின் சுவிட்சை அணைக்கணும். பிரேக்கை விடுவிச்சு, கைச்சக்கரத்தை இடப்பக்கமா சுத்தணும். இந்த மாடல்ல வலப்பக்கம் சுத்தினா இறுகிக்கும்." படித்துக்கொண்டே மேல்மாடி இயந்திர அறைக்குப் படியேறி ஓடினார்.

லிஃப்ட் மெல்ல இறங்கியது. கதவு திறந்தது. மதிப்பீட்டாளர் அம்மா வெளியே வந்தார். சின்ன உருவம், மூக்குக் கண்ணாடி, கலையாத தலைமுடி. கூட்டத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். விளக்கம் சாருக்கு அந்த நிமிஷத்தில் அவர் காலிலேயே விழலாம் போலிருந்தது. மூன்று பக்கம் வீண் போகவில்லை. மாப்பிள்ளை தேடிவிட்டார்!

"இவ்வளவு சீக்கிரம் யார் பதில் சொன்னது?" என்று அந்த அம்மா கேட்டார்.

விளக்கம் சார் ஓரடி முன்னால் வந்தார்.

"கோப்பறை அக்கா மேடம்," என்றார் மெக்கானிக், படியிறங்கி வந்தபடி. "மாப்பிள்ளை அவங்களுக்குத்தான் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கார். அவங்க சொல்லி, இவர் எனக்குச் சொல்லியிருக்கார்."

விளக்கம் சார் அந்த ஓரடியை மெதுவாகப் பின்னால் வைத்தார்.

கோப்பறை அக்கா தரைத்தளத்தில் இருந்தார். காகிதங்கள் காகிதமாக இருந்த காலத்தில் கோப்பறைக்கு அவர்தான் பொறுப்பு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்த பிறகு அலமாரிகள் காலியாகிவிட்டன; அக்காவை மட்டும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கணினியைக் கொடுத்து அதே அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். செய்தி அனுப்பும் கருவியில் ஒவ்வோர் ஊழியரும் தம்மைப் பற்றித் தாமே ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். 'எந்த ஆவணமா இருந்தாலும் என்னைக் கேளுங்க, உடனே சொல்லிடறேன்' என்று அக்கா எழுதியிருந்தார்.

மதிப்பீடு விளக்கம் சாரின் மேசையிலேயே தொடங்கியது. அந்த அம்மா ஒரு கேள்வியைத் தட்டுவார். மாப்பிள்ளை எந்தக் கருவியை எடுக்கிறார் என்று பார்ப்பார். குறித்துக்கொள்வார்.

"கயிறு தேய்ஞ்சிருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?"

செய்தி அனுப்பும் கருவி. கோப்பறை அக்கா. கொஞ்ச நேரத்தில் பதில்.

"பதில் சரி," என்று அந்த அம்மா தம்மிடம் இருந்த விடைத்தாளைப் பார்த்துச் சொன்னார். "கருவி தப்பு."

"ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெய் போடணும்?"

கோப்பறை அக்கா.

"பதில் சரி. கருவி தப்பு."

நான்கு கேள்வி, ஐந்து கேள்வி. ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை விளக்கம் சாரின் மூன்று பக்கத்தைத் தாண்டிக்கொண்டு அக்காவின் ஒரு வரியிடம் போய் நின்றார். விளக்கம் சாருக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. கொஞ்சம் இடைவெளி கேட்டுக்கொண்டு வெளியே வந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"தலைவலி மாத்திரை எங்கே வச்சிருக்கே?"

"உங்க பையில முன்பக்க ஜிப்புல. பையைத் திறந்து பார்த்தீங்களா?"

"இல்ல."

"பை எங்கே இருக்கு?"

"தோள்ல."

"தோள்ல இருக்கிற பையைத் திறக்காம எனக்கு எதுக்குங்க போன் பண்றீங்க?"

"உன்னைக் கேட்டா சீக்கிரம்..." என்று சொல்ல வந்தவர் அப்படியே நின்றார்.

புரிந்துவிட்டது. மாப்பிள்ளை மேல் தப்பே இல்லை. தெரிந்த ஆள் ஒருவர் 'என்னைக் கேள்' என்று கூப்பிடும்போது எவன் மூன்று பக்கம் படித்துக்கொண்டிருப்பான்? பதினான்கு வருஷமாக அவரே வீட்டில் ஓர் அலமாரியைத் திறந்ததில்லை.

"என்ன ஆச்சு? பேச்சையே காணோம். மதிப்பீடு எப்படிப் போகுது?" மனைவியின் குரல் தணிந்தது.

"போகுது."

"அப்படின்னா சரியாப் போகலை. கிடங்குக்கு அனுப்பினாங்கன்னா, அங்கே உங்க மாத்திரை எங்கே இருக்குன்னு யாரைக் கேப்பீங்க?"

அவள் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அவளுக்கே குரல் கம்மிவிட்டது. விளக்கம் சார் போனை வைத்தார். மாத்திரையை விழுங்கிவிட்டு நேராகத் தரைத்தளத்துக்கு இறங்கினார். அக்காவிடம் ஒரே ஓர் உதவிதான் கேட்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்துக்குக் கணினியை அணைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். அக்காவிடமிருந்து பதில் வராவிட்டால் மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் தேடலுக்குப் போவார்.

கோப்பறை அக்கா திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. விளக்கம் சாரைப் பார்த்ததும் திடுக்கிட்டுத் திரையைக் கையால் மறைத்தார்.

"என்ன சார்? ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லக்கா. எல்லாமே சரி."

"சரியா?" அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! இந்த ரூமைக் காலி பண்ணினதிலிருந்து என்னை ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டதில்ல சார். காலையில வந்து, காலி அலமாரியைத் துடைச்சுட்டு, சாயங்காலம் போவேன். என்னைக்கு வீட்டுக்கு அனுப்புவாங்களோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் கேள்வி மேல கேள்வியா வருது. நீங்க எதுக்கு வந்தீங்க?"

விளக்கம் சார் காலி அலமாரிகளைப் பார்த்தார். ஒரு தூசி இல்லை.

"சும்மாதான் வந்தேன்கா. காபி வேணுமான்னு கேக்கலாம்னு."

"இப்ப எதுக்கு சார் காபி? அடுத்த கேள்வி வந்திருக்கு," என்று அக்கா திரும்பிக்கொண்டார்.

படியேறும்போது விளக்கம் சார் தம்மைத் தாமே திட்டிக்கொண்டார். நல்லவனாக இருப்பதற்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது? அக்காவைத் தடுக்க மனம் வரவில்லை. சரி, மாப்பிள்ளையைத் தடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. மதிப்பீட்டாளர் அம்மா கை கழுவப் போயிருந்த நேரத்தில், மூன்று பக்கத்தின் உச்சியில் அவசரமாக ஒரு வரி சேர்த்தார்: 'ஆவணம் பற்றிய கேள்விகளுக்குக் கோப்பறை அக்காவைக் கேட்கக் கூடாது.'

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான். அதுவரை மாப்பிள்ளை செய்திக் கருவியில் இருந்த எல்லாருடைய வரியையும் படித்து, அக்காவைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். இப்போது ஆவணத் தேடலின் நெற்றியிலேயே அக்காவின் பெயர் இருந்தது. ஆவணம் என்றால் கேட்கத் தகுந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று விளக்கமே சொல்லிவிட்டதே! கூடாது என்ற தடையோ தேடலைத் திறப்பவருக்குத்தான், மாப்பிள்ளைதான் அதைத் திறக்கவே இல்லையே. அதற்குப் பிறகு அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கேள்வி முடிவதற்குள் அக்காவிடம் போய் நின்றார்.

"கூடாதுன்னு எழுதியிருக்கேனே, படிக்கலையா?" என்று விளக்கம் சார் வாய்க்குள்ளேயே முனகினார்.

"என்ன எழுதியிருக்கீங்க?" மதிப்பீட்டாளர் அம்மாவுக்குக் காது கூர்மை. திரையைத் தம் பக்கம் திருப்பினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'கோப்பறை அக்காவைக் கேட்கக் கூடாது.' இது என்னங்க? கருவிக்கு விளக்கமா, குடும்பச் சண்டையா?"

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது வந்து மேடம்..."

"கீழே மீதி மூணு பக்கம் இருக்கே. இதை யாருக்காக எழுதினீங்க?"

"மாப்பிள்ளைக்காக மேடம். படிச்சார்னா புரியும்."

"படிக்கலையே," என்றார் அந்த அம்மா. கடுமையாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் விளக்கம் சாருக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

கடைசிக் கேள்வியும் முடிந்தது. அந்த அம்மா பேனாவை மூடினார். மேலாளர் தம் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"என் மதிப்பீடு இதுதான். ஆவணத் தேடலை மாப்பிள்ளை ஒரு தடவைகூடத் திறக்கலை. ஆனா பதில் அத்தனையும் சரி. நான் போன எந்தக் கிளையிலயும் இப்படி வந்ததில்ல. அதனால நான் என்ன நினைக்கிறேன்னா, உங்களுக்கு இந்தத் தேடலும் வேண்டாம், அதுக்கு ஒரு விளக்கமும் வேண்டாம். உங்ககிட்ட ஓர் அருமையான ஆள் இருக்காங்க. அவங்களைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் எல்லாக் கிளைக்கும் பொறுப்பா வைக்கணும்."

"கட்டாயம் மேடம்," என்றார் மேலாளர் உடனே. காலையில் வாயை விட்டதை அவர் அதற்குள் மறந்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன். என்ன இருந்தாலும் மனுஷ மூளை மாதிரி வருமா?"

"இவர்?" என்று அந்த அம்மா விளக்கம் சார் பக்கம் பார்த்தார்.

"இவரைக் கிடங்குல போட்டுடலாம் மேடம். அங்கே ஆள் தேவை இருக்கு."

அக்காவுக்கு வேலை நிலைத்தது, அது ஒரு நல்ல விஷயம் என்று விளக்கம் சார் மனத்தைத் தேற்றப் பார்த்தார். மனம் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் எண்ணிப் பார்த்தது.

"வாங்க, அவங்களை நேர்ல பார்த்துச் சொல்லிடலாம்," என்று அந்த அம்மா எழுந்தார். லிஃப்டைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். பின்னால் மேலாளர், மெக்கானிக், காசாளர் அம்மா. கடைசியாக ஒற்றைச் செருப்போடு விளக்கம் சார்.

கோப்பறை வாசலில் இவ்வளவு பேரைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டார். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார். நடமாடும் நூலகம் என்றார். கம்பெனியின் ஞாபகசக்தி என்றார். இப்படி ஒருவர் கீழேயே இருந்தும் இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரத்திலிருந்து நீங்க என்னோட தலைமை அலுவலகத்துல இருக்கப் போறீங்க," என்றார் மதிப்பீட்டாளர் அம்மா. "எல்லாக் கிளை மெக்கானிக்குகளும் இனிமே உங்களை நேருக்கு நேர் கேப்பாங்க. கணினியே வேண்டாம். இப்பவே ஒண்ணு கேக்கறேனே. இத்தனை மாடலும் எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?"

அக்கா அந்த அம்மாவைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற விளக்கம் சாரைப் பார்த்தார். உதடு துடித்தது. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ மேடம், எனக்கு இந்த ரூமைப் பூட்டித் திறக்கத்தான் தெரியும், ஒரு கோப்பைக்கூட நான் பிரிச்சுப் படிச்சதில்ல, வந்த கேள்வியை எல்லாம் நான் என் மெஷின்ல மாப்பிள்ளைகிட்டயே திருப்பிக் கேட்டேன், என் மெஷின்லேர்ந்து எனக்கே செய்தி அனுப்பி அவரால கேக்க முடியாதுல்ல, அதனால சார் எழுதின மூணு பக்கத்தையும் முழுசாப் படிச்சுப் பார்த்து, அந்த ஆவணத் தேடல்லயே தேடி எல்லாத்தையும் அவர்தான் எடுத்துக் குடுத்தார்!"